ஆவண மொழிகளின் தோற்றமும் வளர்ச்சியும்: செய்நிரல் மொழிகளின் வரலாற்றில் ஓர் அத்தியாயம்

1. தோற்றுவாய்

அச்சுத் தொழிலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இயந்திரங்களின் வரலாற்றையே எழுதி வந்துள்ளனர். ஈய எழுத்து, நீராவி அச்சியந்திரம், லைனோடைப், மோனோடைப், ஒளி அச்சுக்கோப்பு என அடுக்கிச் செல்லும் அவ்வரலாற்றில் ஒன்று விடுபட்டுப் போகின்றது. எழுதுபவருக்கும் அச்சுக்கோப்பாளருக்கும் இடையே என்றும் ஒரு மொழி வழங்கி வந்துள்ளது. கையெழுத்துப் படியின் ஓரத்தில் “இது தலைப்பு”, “இங்கு ஒரு வரி விடுக”, “இப்பகுதி சிறிய எழுத்தில்” என எழுதப்படும் குறிப்புகளும், பார்வைப் படியில் இடப்படும் திருத்தக் குறிகளும் அம்மொழியைச் சேர்ந்தவை. அம்மொழி மிகச் சுருக்கமானது. கேட்பவர் தொழில் அறிந்தவராதலால் விரித்துரைக்க வேண்டிய தேவை எழவில்லை. எவ்வளவு இடைவெளி, எந்த அளவு எழுத்து, வரி நிரம்பாதபோது சொல்லை எங்கே முறிப்பது என்பவற்றையெல்லாம் அச்சுக்கோப்பாளரின் கையும் கண்ணும் அறிந்திருந்தன.

அந்த இடத்திற்குக் கணினி வந்தபோது நிலைமை மாறியது. தொழிலாளியின் மௌனமான அறிவு இயந்திரத்திடம் இருக்கவில்லை. அதுவரை சொல்லப்படாதிருந்தவற்றையெல்லாம் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்வதற்கு ஒரு மொழி தேவைப்பட்டது. ஆவணங்களை எழுதுவதற்கான கணினி மொழிகள் இவ்வாறே தோற்றம் பெற்றன.

இம்மொழிகளின் அறுபதாண்டு வரலாற்றை இக்கட்டுரையில் நோக்குவோம். எமது கருத்து இது: ஆவண மொழிகளை ஆக்கியோரில் மிகப் பலர் செய்நிரல் மொழி ஒன்றை ஆக்க எண்ணியவர்களல்லர். அவர்கள் ஆக்க விரும்பியவை எளிய குறியீட்டுத் தொகுதிகளே. ஆயின் ஆவணங்களின் உள்ளார்ந்த தேவைகள் அக்குறியீட்டுத் தொகுதிகளை மீண்டும் மீண்டும் செய்நிரல் மொழிகளாக மாற்றின. திட்டமின்றி நிகழ்ந்த இம்மாற்றத்தின் சுமையை இன்றுவரை எழுதுவோரும் அச்சகத் தொழிலாளரும் சுமந்து வருகின்றனர். லத்தீன் எழுத்தில் எழுதாதோர் அதனை இருமடங்காகச் சுமக்கின்றனர்.

2. கட்டளை மொழிகள்

1964ஆம் ஆண்டில் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெரோம் சால்ற்சர் என்பவர் ‘ரன்ஓஃப்’ என்னும் செய்நிரலை ஆக்கினார். அப்பொழுது அவர் ஆராய்ச்சி மாணவர். ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் முறை அங்கு புதிதாக நடைமுறைக்கு வந்திருந்தது. ரன்ஓஃபின் விதி எளியது: ஒரு வரி புள்ளியில் தொடங்கினால் அது கட்டளை, ஏனைய வரிகள் அச்சிடுவதற்குரியவை. வரியை நடுவில் இடுக, இடம் விடுக, புதிய பக்கம் தொடங்குக என்பன போன்ற கட்டளைகளே அதில் இருந்தன. அச்சுக்கோப்பாளருக்கு ஓரத்தில் எழுதும் குறிப்பின் நேரடி வாரிசு இது.

ரன்ஓஃபின் வழித்தோன்றல்கள் பெல் ஆய்வுகூடத்தில் வளர்ந்தன. யூனிக்ஸ் இயக்கத் தொகுதியின் வரலாற்றில் ஆவணத் தயாரிப்புக்குரிய இடம் பலராலும் மறக்கப்படுவதுண்டு. அத்தொகுதியை உருவாக்கியோர் 1970இல் புதிய கணினியொன்றைப் பெறுவதற்கு நிர்வாகத்திடம் முன்வைத்த காரணம், எழுத்தாவணங்களைத் தயாரிக்கும் தொகுதியொன்றை ஆக்கித் தருவோம் என்பதாகும். 1971இல் அந்நிறுவனத்தின் ஆக்கவுரிமைப் பிரிவின் தட்டெழுத்தாளர்கள் விண்ணப்பங்களைத் தயாரிப்பதற்கு அதனைப் பயன்படுத்தத் தொடங்கினர். ஜோ ஒசானா ஒளி அச்சுக்கோப்பு இயந்திரத்துக்காக ‘ட்ரொஃப்’ என்னும் மொழியை 1973ஆம் ஆண்டளவில் அமைத்தார். 1977இல் அவர் மறைந்தபின் பிரையன் கெர்னிகன் அதனைத் திருத்தி, எந்த இயந்திரத்துக்கும் ஏற்றதாக்கினார்.

ட்ரொஃபில் நிகழ்ந்த வளர்ச்சி நமது கருத்துக்குச் சிறந்த சான்றாகும். ஒரே கட்டளைத் தொடரைத் திரும்பத் திரும்ப எழுதுவதைத் தவிர்க்க, அத்தொடருக்கு ஒரு பெயரிட்டு வைக்கும் வசதி சேர்க்கப்பட்டது. இதுவே மாக்ரோ எனப்படுவது. பக்க எண்ணையும் தலைப்பு எண்ணையும் கணக்கிட எண்களைச் சேமிக்கும் இடங்கள் தேவைப்பட்டன. ஒற்றைப்படைப் பக்கத்தில் ஒருவிதமாகவும் இரட்டைப்படைப் பக்கத்தில் வேறுவிதமாகவும் தலைப்பிட நிபந்தனைக் கூற்று தேவைப்பட்டது. பெயரிடல், சேமித்தல், நிபந்தனை ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால் அது செய்நிரல் மொழியே. ஆயின் யாரும் அதனை ஒரு மொழியாகத் திட்டமிடவில்லை. பெயர்கள் இரண்டு எழுத்துக்கு மேற்படலாகாது என்ற வரையறையுடன் பல நூறு மாக்ரோக்கள் எழுதப்பட்டன. எழுதியவரைத் தவிர வேறெவரும் அவற்றை எளிதில் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

இதற்குப் பெல் ஆய்வுகூடத்தினர் கண்ட விடை சுவையானது. ஒரு பெரிய மொழிக்குப் பதிலாகச் சிறிய பல மொழிகளை அவர்கள் ஆக்கினர். கணிதச் சமன்பாடுகளுக்குக் கெர்னிகனும் லொரிண்டா செரியும் ஒரு மொழியை ஆக்கினர். அட்டவணைகளுக்கு மைக் லெஸ்க் வேறொன்றை ஆக்கினார். வரைபடங்களுக்குக் கெர்னிகன் இன்னொன்றை ஆக்கினார். சமன்பாட்டு மொழியின் நோக்கம் குறிப்பிடத்தக்கது. கணிதமும் அச்சுத் தொழிலும் அறியாத ஒரு தட்டெழுத்தாளர், சமன்பாட்டை ஒருவர் வாய்விட்டு வாசிக்கக் கேட்டவாறே தட்டெழுதக்கூடியதாக அது அமைக்கப்பட்டது. மொழியைத் திட்டமிடும்போது அதனைப் பயன்படுத்தும் உழைப்பாளி யார் என்ற வினா முதன்முதலாகத் தெளிவாக எழுப்பப்பட்ட இடங்களுள் இதுவும் ஒன்று எனலாம்.

3. பெயரிடும் மொழிகள்

கட்டளை மொழிகளுக்கு எதிரான ஒரு சிந்தனை அதே காலத்தில் வேறிடத்தில் உருவாயிற்று. 1967இல் வில்லியம் டனிக்கிளிஃப் என்பவர் கனேடிய அரசாங்க அச்சகத்தில் நிகழ்த்திய உரையில், ஆவணத்தின் உள்ளடக்கத்தை அதன் தோற்றத்திலிருந்து பிரிக்க வேண்டும் என வலியுறுத்தினார். 1969இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சார்ல்ஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மொஷர், ரேமண்ட் லோரி ஆகிய மூவரும் சட்ட அலுவலகங்களுக்கான தகவல் தொகுதியொன்றில் ஈடுபட்டிருந்தனர். கோல்ட்ஃபார்ப் சட்டம் பயின்றவர். ஒரே சட்ட ஆவணத்தைத் திருத்தும் செய்நிரலும், தேடும் செய்நிரலும், அச்சிடும் செய்நிரலும் பயன்படுத்த வேண்டியிருந்தது. “இங்கு இரண்டு வரி இடம் விடுக” என்னும் கட்டளை அச்சிடும் செய்நிரலுக்குப் பயன்படும். தேடும் செய்நிரலுக்கு அதனால் யாதொரு பயனுமில்லை. “இது தலைப்பு” என்று கூறின் மூன்றுக்கும் பயன்படும். இவ்வாறு பிறந்த ஜி.எம்.எல். மொழி, ஆக்கியோர் மூவரின் பெயர்களின் முதலெழுத்துகளையும் தாங்கி நிற்கின்றது. அதன் வாரிசான எஸ்.ஜி.எம்.எல். 1986இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது.

கட்டளை மொழி ‘யாது செய்க’ எனக் கூறுகின்றது. பெயரிடும் மொழி ‘இது யாது’ எனக் கூறுகின்றது. பின்னையது எழுதுபவரைத் தோற்றம் பற்றிய கவலையிலிருந்து விடுவிக்கின்றது. ஆவணத்துக்கு நீண்ட ஆயுளையும் அளிக்கின்றது. ஆயின் பெயர்களின் பட்டியலைத் தீர்மானிக்கும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்ற வினாவையும் அது எழுப்புகின்றது. எஸ்.ஜி.எம்.எல். மொழியைப் பெருமளவில் தழுவிக்கொண்டவை பெரும் வெளியீட்டு நிறுவனங்களும், அரசுத் திணைக்களங்களும், 1980களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களமுமாகும். போர் விமானங்களின் பராமரிப்பு நூல்கள் ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்டவை. பல ஒப்பந்தக்காரரால் எழுதப்படுபவை. அவற்றை ஒரே அமைப்புக்குள் கொணர்வதற்கு இம்மொழி ஏற்ற கருவியாயிற்று. எழுதுபவரின் விடுதலைக்கு உதவக்கூடிய மொழியே எழுதுபவரைக் கட்டுப்படுத்தும் மொழியாகவும் அமையலாம் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

இதே சிந்தனையைத் தனி எழுத்தாளரிடம் கொண்டுசென்றவர் பிரையன் றீட். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவர் ஆக்கிய ‘ஸ்க்ரைப்’ அவரது 1980ஆம் ஆண்டுக் கலாநிதிப் பட்ட ஆய்வின் பொருளாகும். எழுதுபவர் தலைப்பு, மேற்கோள், பட்டியல் எனப் பெயரிட்டால் போதும். தோற்றத்தை அதன் வல்லுநர் தனியே வகுத்து வைத்திருப்பார். ஆயின் ஸ்க்ரைப் ஒரு வணிக நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. கட்டணம் செலுத்தாதோரிடமுள்ள படிகள் குறித்த காலத்தின்பின் இயங்காது போகும் ஏற்பாடும் அதில் புகுத்தப்பட்டது. பிற்காலத்தில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய றிச்சர்ட் ஸ்டால்மன் இதனை வன்மையாகக் கண்டித்தார். ஸ்க்ரைப் இன்று வழக்கில் இல்லை. அதன் கருத்து வாழ்கின்றது; அதனை வாழவைத்தது வேறொரு மொழி.

4. டெக்: கைவினை அறிவும் செய்நிரலும்

அந்த மொழியின் பிறப்பைப் புரிந்துகொள்ள 1970களின் அச்சுத் தொழிலைச் சற்று நோக்க வேண்டும். ஈய அச்சுக்கோப்பு மேனாடுகளில் வேகமாக மறைந்துகொண்டிருந்தது. 1974இல் நியூயோர்க் நகரப் பத்திரிகை அச்சுத் தொழிலாளரின் சங்கம், வாழ்நாள் வேலைக்கு உறுதி பெற்று, கணினிமயமாக்கலுக்கு உடன்பட்டது. 1978 ஜூலையில் நியூயோர்க் டைம்ஸ் தனது இறுதி ஈய அச்சுப் பதிப்பை வெளியிட்டது. இலண்டன் டைம்ஸ் இதே பிரச்சினையால் 1978 டிசம்பர் முதல் ஏறத்தாழ ஓராண்டு வெளிவரவில்லை. 1986இல் இலண்டனின் வொப்பிங் பகுதியில் நிகழ்ந்த போராட்டத்தில் 5,000இற்கு மேற்பட்ட தொழிலாளர் வேலையிழந்தனர். ஆவண மொழிகள் இம்மாற்றத்துக்குக் காரணமல்ல. ஆயின் ஒரு தொழிலாளி வர்க்கத்தின் கைத்திறன் கணினிக்குள் இடம்பெயர்ந்த அதே கட்டத்திலேயே அவையும் தோன்றின.

கணித நூல்களை ஈயத்தில் கோப்பது மிக நுட்பமான தொழில். அதில் தேர்ந்தோர் அருகியபோது அந்நூல்களின் அச்சுத் தரம் வீழ்ந்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கனூத் தமது கணினிச் செய்நிரலாக்கம் பற்றிய பெருநூலின் இரண்டாம் தொகுதியின் புதிய பதிப்புக்குரிய பார்வைப் படிகளை 1977 மார்ச்சில் பெற்றார். முதற்பதிப்பு மோனோடைப் ஈய எழுத்தில் அமைந்தது. புதியது ஒளி அச்சுக்கோப்பில் அமைந்தது. அதன் தோற்றம் அவருக்கு ஏமாற்றமளித்தது. அச்சுக்கோப்புக்குரிய மொழியொன்றைத் தாமே ஆக்க முற்பட்டார். சில மாதங்களில் முடிக்க எண்ணிய வேலை ஏறத்தாழப் பத்தாண்டு நீடித்தது.

கலையையும் கைத்திறனையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர்பெற்ற ‘டெக்’, கைவினைஞரின் அறிவைக் கணித வடிவில் தந்தது. எழுத்தும் சொல்லும் வரியும் பக்கமும் பெட்டிகள் எனக் கொள்ளப்பட்டன. அவற்றிடையே நீளவும் சுருங்கவும் கூடிய ‘பசை’ இடப்பட்டது. முன்னைய செய்நிரல்கள் ஒவ்வொரு வரியாக நிரப்பிச் சென்றன. டெக் பந்தி முழுவதையும் நோக்கி, எங்கெங்கு வரி முறிந்தால் மொத்தக் குறைபாடு மிகக் குறைவாகும் எனக் கணக்கிட்டது. கனூத்தும் மைக்கல் பிளாசும் 1981இல் வெளியிட்ட இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. தேர்ந்த அச்சுக்கோப்பாளர் அடுத்த வரிகளை முன்னோக்கிப் பார்த்து இடைவெளியைச் சரிசெய்வதையே இது இயந்திரத்துக்குக் கற்பித்தது.

இத்துணை ஆழமான வேலையில் மொழி அமைப்பு இரண்டாமிடத்தையே பெற்றது. டெக்கில் உள்ள செய்நிரலாக்க வசதிகளைத் தயக்கத்துடனேயே சேர்த்ததாகக் கனூத்தே பின்னர் கூறியுள்ளார். சொற்களை வேறு சொற்களால் பதிலிடும் மாக்ரோ முறையே அதன் அடிப்படை. எந்த எழுத்து கட்டளையைத் தொடங்குவது, எந்த எழுத்து சாதாரண எழுத்து என்பதையும் ஆவணத்தின் நடுவிலேயே மாற்றிவிடலாம். அதனால் ஒரு டெக் ஆவணத்தை இயக்கிப் பார்க்காமல் அதன் இலக்கணத்தைக்கூட நிச்சயிக்க முடியாது. தவறு நேரும்போது, எழுதியவர் ஒருபோதும் கண்டிராத உள்மாக்ரோ ஒன்றின் பெயரால் எச்சரிக்கை வருவதன் காரணமும் இதுவே.

லெஸ்லி லாம்போர்ட் 1980களின் முற்பகுதியில் டெக்கின் மாக்ரோக்களைக் கொண்டு ‘லாடெக்’ என்னும் அமைப்பை ஆக்கினார். அவர் முன்மாதிரியாகக் கொண்டது ஸ்க்ரைப் மொழியை. பெயரிடும் மொழியின் எளிமையும் கட்டளை மொழியின் ஆற்றலும் இங்கு ஒன்றுசேர்ந்தன. ஆயின் ஆவணத்துக்கேயுரிய ஒரு சிக்கல் இங்கு வெளிப்பட்டது. “42ஆம் பக்கம் காண்க” என எழுத, அப்பகுதி எப்பக்கத்தில் விழும் என்பது தெரிய வேண்டும். பக்கம் அமைந்த பின்னரே அது தெரியும். தெரிந்த எண்ணை இடும்போது வரி நீண்டு பக்கம் மாறவும் கூடும். சாதாரண செய்நிரல் மொழிகளில் ஒரு கூற்று தனக்குப் பின் நிகழ்வதை அறிய வேண்டியதில்லை. ஆவணத்திலோ முன்னுள்ளது பின்னுள்ளதைச் சார்ந்துள்ளது. லாடெக் எண்களைத் தனிக் கோப்பில் எழுதி வைத்து, ஆவணத்தை இருமுறை, சிலவேளை மும்முறை, இயக்குவதன் மூலம் இதனைத் தீர்த்தது. மாறிமாறிச் சென்று ஒருபோதும் நிலைபெறாத ஆவணங்களும் கோட்பாட்டளவில் உண்டு. ஆவணங்களுக்கான மொழி ஏனைய செய்நிரல் மொழிகளிலிருந்து எவ்வகையில் வேறுபட வேண்டும் என்பதற்கு இதுவே முதற் காரணம்.

டெக்கின் நீடித்த வாழ்வுக்கு அதன் உடைமை முறையும் ஒரு காரணமாகும். கனூத் அதன் மூலநிரலை அனைவருக்கும் வழங்கினார். மாற்றியமைப்போர் அதே பெயரைப் பயன்படுத்தலாகாது என்பதே நிபந்தனை. மூலநிரலையே ஒரு நூலாக எழுதி 1986இல் அச்சிட்டார். செய்நிரலும் விளக்கமும் ஒரே ஆவணமாக அமையும் அம்முறையில், மனிதர் வாசிப்பதற்காகவே செய்நிரல் எழுதப்படுகின்றது. 1980களில் எழுதப்பட்ட டெக் ஆவணங்களை இன்றும் அச்சிட முடிகின்றது. அதே காலத்தின் வணிகச் சொற்செயலிகளில் எழுதப்பட்ட பல கோப்புகளைத் திறப்பதே இன்று கடினம்.

5. ஆற்றலைத் துறத்தலும் மீளப் பெறுதலும்

ஆவண மொழிகள் செய்நிரல் மொழிகளாக வளர்ந்ததற்கு எதிரான இயக்கமும் வரலாற்றில் உண்டு. ஜோன் வார்னொக், சார்ல்ஸ் கெஷ்கி ஆகியோர் 1982இல் நிறுவிய அடோபி நிறுவனம் 1984இல் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியை வெளியிட்டது. இது பக்கத்தை விபரிக்கும் மொழி. அதேவேளை மாறிகளும் நிபந்தனைகளும் மடக்குகளும் கொண்ட முழுமையான செய்நிரல் மொழியும் ஆகும். 1985இல் வெளிவந்த ஆப்பிள் லேசர் அச்சுப்பொறி இதனைப் பரப்பியது. ஆயின் முழு ஆற்றலுக்கு ஒரு விலை இருந்தது. ஐம்பதாம் பக்கம் எப்படித் தோன்றும் என்பதை நிச்சயமாக அறிய முதல் நாற்பத்தொன்பது பக்கங்களையும் இயக்க வேண்டியிருந்தது. 1993இல் அதே நிறுவனம் வெளியிட்ட பி.டி.எஃப். வடிவம் மடக்குகளையும் நிபந்தனைகளையும் களைந்துவிட்டது. ஒவ்வொரு பக்கமும் தனித்து நிற்கலாயிற்று. ஆற்றலைத் துறந்தமையே அதன் பலமாயிற்று.

1991இல் டிம் பேர்னர்ஸ்-லீ வெளியிட்ட எச்.ரி.எம்.எல். இதன் மறுதலையான பாதையில் சென்றது. எஸ்.ஜி.எம்.எல். மரபைத் தழுவிய அம்மொழியில் கணக்கிடும் ஆற்றல் அறவே இருக்கவில்லை. எவரும் ஒரு நாளில் கற்கக்கூடியதாக இருந்தமையால் அது உலகெங்கும் பரவியது. ஆயின் 1995இல் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் செய்நிரல் மொழி அதனுடன் இணைக்கப்பட்டது. 1996இல் தோற்றத்தை வகுக்கும் மொழியொன்றும் தரமாக ஏற்கப்பட்டது. இன்று ஒரு வலைப்பக்கத்தை முறையாக எழுதுபவர் மூன்று மொழிகளை, மூன்று இலக்கணங்களை அறிந்திருத்தல் வேண்டும். வாயிற்கதவால் அனுமதிக்கப்படாத செய்நிரலாக்கம் பின்கதவால் நுழைந்தது எனலாம்.

6. திட்டமிட்டு அமைக்கப்பட்ட மொழிகள்

இவ்வனுபவங்களிலிருந்து ஒரு படிப்பினை பெறப்பட்டது. ஆவண மொழி எப்படியாயினும் செய்நிரல் மொழியாகப் போகின்றதெனின், அதனைத் தொடக்கத்திலிருந்தே நல்ல செய்நிரல் மொழியாகத் திட்டமிடலாம் அன்றோ?

2009இல் மத்யூ ஃபிளாட், எலி பார்சிலாய், றொபேர்ட் ஃபின்ட்லர் ஆகியோர் விபரித்த ‘ஸ்க்ரிபிள்’ இவ்வகையில் முக்கியமானது. றாக்கெட் என்னும் செய்நிரல் மொழியின் மேல் அது கட்டப்பட்டது. சாதாரண செய்நிரல் மொழிகளில் கூற்றுகளே இயல்பானவை. எழுத்துத் தொடர்களை மேற்கோட் குறிக்குள் அடைக்க வேண்டும். ஸ்க்ரிபிள் இதனைத் தலைகீழாக்கியது. எழுத்தே இயல்பானது; செய்நிரல் வேண்டுமிடத்து ஒரு தனிக் குறியை இட்டு அதற்குள் நுழையலாம். நுழைந்தபின் காண்பது அரைகுறையான மாக்ரோ மொழியன்று. சார்புகளும் பெயர்களின் எல்லைகளும் ஒழுங்காக வரையறுக்கப்பட்ட முழு மொழி.

பேர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களான லோரன்ஸ் மேட்ஜேயும் மார்ட்டின் ஹவுக்கும் 2019இல் தொடங்கி 2023இல் வெளியிட்ட ‘டைப்ஸ்ட்’ இதே வழியில் மேலும் சென்றது. அதில் எழுத்து, கணிதம், செய்நிரல் என மூன்று நிலைகள் உண்டு; ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழி வெளிப்படையானது. அதன் சார்புகள் தமக்கு வெளியேயுள்ள எதனையும் மாற்றுவதில்லை. ஆதலால் ஒருமுறை கணக்கிட்ட விடையைச் சேமித்து வைத்து, ஒரு சொல் திருத்தப்பட்டால் அச்சொல்லைச் சார்ந்த பகுதியை மட்டும் மீளக் கணக்கிடலாம். பக்க எண் பற்றிய பழைய சிக்கலை, விடை நிலைபெறும் வரை, ஐந்து முறைக்கு மேற்படாமல், மொழியே தானாக மீளக் கணக்கிட்டுத் தீர்க்கின்றது. லாடெக்கில் எழுதுபவரின் தலையில் விழுந்த வேலை இங்கு மொழியின் பொறுப்பாகியுள்ளது.

இவற்றிலிருந்து நல்ல ஆவண மொழியின் இலக்கணமாக நாம் நான்கு கூறுகளை வகுக்கலாம். எழுத்தே அதன் இயல்பு நிலையாதல், பெயரிடலும் கணக்கிடலும் ஒரே மொழியில் அமைதல், முன்னுள்ளது பின்னுள்ளதைச் சார்தல் என்னும் ஆவணத்தின் தனித்தன்மையை மொழியே ஏற்றுக்கொள்ளல், மூலநிரல் பொதுவுடைமையாதல். முதல் மூன்றையும் ஆய்வாளர் பேசுகின்றனர். நான்காவது இன்றேல் முதல் மூன்றும் நிலைக்கா என்பதை ஸ்க்ரைபின் கதை உணர்த்துகின்றது.

7. தமிழ் எழுத்தும் ஆவண மொழிகளும்

இம்மொழிகள் யாவும் லத்தீன் எழுத்தை இயல்பெனக் கொண்டு பிறந்தவை. தொடக்கக் காலத்து டெக் 128 குறிகளையே உள்ளீடாக ஏற்றது. ஐரோப்பியப் பயன்பாட்டாளரின் கோரிக்கையால் 1989இல் அறிவிக்கப்பட்ட மூன்றாம் பதிப்பிலேயே அது 256 ஆயிற்று. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டெக்குக்கான தமிழ் எழுத்துருக்கள் ஆக்கப்பட்டன. 1994இல் யானிஸ் ஹரலம்பஸ் சிங்களத்தை முதன்மையாகக் கொண்டு இந்திய எழுத்து வகைகளுக்கான முன்செயலியொன்றை வெளியிட்டார். இத்தகைய முயற்சிகளில் எழுதுபவர் தம் மொழியை ரோமன் எழுத்தில் தட்டெழுத, செய்நிரலொன்று அதனை மாற்றித் தந்தது. 2004இல் ஜொனதன் கியூ வெளியிட்ட ‘சீடெக்’ யூனிகோட் எழுத்தை நேரடியாக ஏற்றபின்னரே, தமிழில் எழுதியதைத் தமிழிலேயே காணும் நிலை வந்தது.

ஆயின் எழுத்து தோன்றிவிட்டமையால் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. ‘சாய்வெழுத்தில் இடுக’ என்னும் கட்டளை தமிழுக்கு அந்நியமானது. நமது அச்சு மரபில் சாய்வெழுத்துக்கு ஆழ்ந்த வேர் இல்லை. ‘இது அழுத்தம் பெறும் சொல்’ எனப் பெயரிட்டால், அதனைத் தடித்த எழுத்தாலோ இடைவெளியாலோ நாம் நமது மரபுப்படி காட்டலாம். தோற்றத்தைக் கூறும் கட்டளை ஓர் எழுத்து மரபுக்குள் அடங்கிவிடுகின்றது. பொருளைக் கூறும் பெயர் மரபுகளைக் கடந்து செல்கின்றது. பெயரிடும் மொழிகளின் பெருமையை லத்தீன் எழுத்துக்கு வெளியே நிற்போரே முழுமையாக உணரக்கூடும்.

எனினும் பெயரிடல் மட்டும் போதாது என்பதையும் தமிழே காட்டுகின்றது. யூனிகோட் எண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து நிற்கின்றது. நெடுங்கணக்கிலோ அது மெய்களுள் இறுதியானது. றகரமும் அங்கு ரகரத்தை அடுத்து வருகின்றது. எண் வரிசைப்படி சொல்லடைவைத் தொகுத்தால் நூலின் அகரவரிசை பிழைபடும். சரியான வரிசையைக் கணக்கிட வேண்டும். அவ்வாறே, “அத்தியாயம் 3” என்னும் ஆங்கில வரிசையைத் தானாக இடும் மொழிகள், “3ஆம் அத்தியாயத்தில்”, “3ஆம் அத்தியாயத்தை” என வேற்றுமை ஏற்கும் தமிழ்த் தொடரை அறியா. வேற்றுமையை ஏற்கும் சார்பு ஒன்றை எழுதினாலன்றித் தமிழில் குறுக்குக் குறிப்புகள் இலக்கணப்படி அமையா. இவை அலங்காரங்களல்ல, ஒரு தமிழ் ஆய்வுநூலின் அன்றாடத் தேவைகள். எழுதுபவரே நீட்டித்துக்கொள்ளக்கூடிய மொழி நமக்குத் தேவையாவது இதனாலேயே. ஆக்கியோர் எதிர்பாராத எழுத்து மரபுக்கு இடந்தருவது, நீட்டிக்கக்கூடிய மொழி ஒன்றே.

இங்கு ஒரு முரண்பாட்டையும் சுட்ட வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டுகளில் மேனாட்டு அறிவியல் வெளியீட்டகங்களின் பக்க அமைப்பு வேலை பெருமளவில் தென்னிந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. சென்னையிலும் புதுச்சேரியிலும் திருவனந்தபுரத்திலும் அத்தொழில் வேரூன்றியது. டெக் பயன்பாட்டாளரின் இந்தியச் சங்கம் 1998இல் திருவனந்தபுரத்தில் தோன்றியது. 2002இல் அவர்களின் சர்வதேச மாநாடும் அங்கேயே நடைபெற்றது. இலண்டனிலும் நியூயோர்க்கிலும் மறைந்த அச்சுக்கோப்புத் தொழில் முற்றாக மறையவில்லை. குறைந்த கூலியை நாடி இடம்பெயர்ந்தது என்பதே உண்மை. இம்மொழிகளை நாள்தோறும் கையாளும் தமிழ்த் தொழிலாளர் ஏராளமானோர். அவர்கள் அவற்றால் அமைப்பது பிறமொழி அறிவை. அதே திறன் தமிழ் நூல்களுக்குப் பயன்பட வேண்டிய அளவு பயன்படவில்லை.

8. முடிவுரை

ரன்ஓஃப் முதல் டைப்ஸ்ட் வரையான வரலாற்றைத் தொழில்நுட்ப முன்னேற்றத்தின் நேர்கோடாகக் காண்பது தவறாகும். கட்டளைக்கும் பெயருக்கும் இடையே, எளிமைக்கும் ஆற்றலுக்கும் இடையே, தனியுடைமைக்கும் பொதுவுடைமைக்கும் இடையே நிகழ்ந்த போராட்டமாகவே அது அமைந்துள்ளது. அச்சுக்கோப்பாளரின் அறிவு எழுதப்பட்ட மொழியாக மாறியமை ஒருவகையில் இழப்பு. ஒரு தொழிற் பண்பாடு அதனுடன் மறைந்தது. மறுவகையில், முன்னர் ஒரு சிலரின் கைகளுக்குள் இருந்த அறிவு எவரும் வாசிக்கவும் கற்கவும் திருத்தவும் கூடிய வடிவம் பெற்றது. அவ்வடிவம் எவருடைய உடைமை என்பதிலேயே இழப்பு ஆதாயமாவதும் ஆகாததும் தங்கியுள்ளது.

நமது பல்கலைக்கழகங்களில் எழுதப்படும் தமிழ் ஆய்வேடுகள் பெரும்பாலும் வணிகச் சொற்செயலிகளிலேயே தயாரிக்கப்படுகின்றன. யூனிகோட் வருமுன் தனித்தனி எழுத்துருக்களில் தட்டெழுதப்பட்ட ஆய்வேடுகளை, அவ்வெழுத்துரு கையிலில்லாத கணினியில் வாசிக்க முடியாது என்பதை நாம் அனைவரும் அறிவோம். தமிழ் நெடுங்கணக்கையும் வேற்றுமையையும் அறிந்த சார்புகளைப் பொதுவுடைமையான ஆவண மொழி ஒன்றில் எழுதி வைத்தல் தமிழ்த் துறையினரும் கணினித் துறையினரும் கூடிச் செய்யக்கூடிய பணியாகும். இலக்கணம் அறிந்தோர் விதியை வகுக்க, செய்நிரல் அறிந்தோர் அதனை எழுதலாம். ஒருமுறை எழுதப்பட்டால் அது பின்வரும் ஆய்வேடுகள் அனைத்துக்கும் பயன்படும். நெடுங்கணக்கு வரிசையில் பிழையின்றிச் சொல்லடைவு தொகுக்கும் சார்பிலிருந்து அப்பணியைத் தொடங்கலாம்.